எண்ணெய்ச் சட்டி ஏறாத விருந்து

வெட்டுவதற்காக வாங்கிய ஆடு, விருந்தன்று காலையிலும் உயிரோடு கொல்லையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அதை வெட்டக் கூடாது, வீட்டில் கறி வேகக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது என்று மதினி முந்தின நாளே சொல்லிவிட்டார். அவருடைய மகளுக்கு அம்மை போட்டிருந்தது. விருந்தாளிகள் பிற்பகலில் வருவதாக இருந்தது. அவர்களை வர வேண்டாம் என்று சொல்ல அண்ணாச்சிக்கு மனமில்லை.

அண்ணாச்சி என்று நான் சொல்வது ஒரு மர கான்ட்ராக்டரை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மதினி அவர் மனைவி. அறுபதுகளின் நடுவில் அந்தமானில், புரோத்ராபூரில் அவரிடம் வேலைக்கு இருந்தேன். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தூத்துக்குடி உப்பளம், பம்பாயில் ரயில்வே கேன்டீன், மெட்ராஸ் துறைமுகம் என்று சுற்றிவிட்டு, கப்பலில் இருப்பதிலேயே மலிவான பங்க் டிக்கெட் எடுத்துப் போர்ட் பிளேரில் இறங்கியவன். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை. காட்டுக் கேம்ப்பில் சமையலும் ஸ்டோரும் என் பொறுப்பு. காட்டு வேலை இல்லாத மழை மாதங்களில் அவர் வீட்டில் சாப்பாடு, மரம் அடுக்கும் ஷெட்டில் படுக்கை. எனக்குச் சிறு வயதிலேயே பெரியம்மை வந்து முகமெல்லாம் தழும்பு. அதனால் வீட்டில் அம்மை வந்தபோது, பயப்படாமல் வாளியும் துணியும் எடுத்துக்கொடுக்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

வரவிருந்தவர்கள் ராஞ்சிக்காரர்கள், அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ ஆதிவாசிகள். மரம் வெட்டவும் இழுக்கவும் அவர்களை விட்டால் அந்தக் காட்டில் ஆள் கிடையாது. அவர்களில் மேட் ஒருவர் இருந்தார், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து வேலை வாங்குகிறவர். அவர் வா என்றால் இருபது பேர் வருவார்கள், வேண்டாம் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். கிறிஸ்துமஸை அந்தமான் இந்தியில் படா தின் என்பார்கள். படா தின் முடிந்ததும் புது சீசனுக்கு ஆள் கட்டுவது வழக்கம். அந்த வருஷம் படா தின் நெருங்கியும் மேட் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பத்துபஸ்திப் பக்கம் இன்னொரு கான்ட்ராக்டர் அவர்களோடு பேசத் தொடங்கியிருந்தார்.

மேட் வாயைத் திறக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். போன சீசனில் கேம்ப்பில் ஒருவனுக்குக் கடுமையான காய்ச்சல். படகில் மரம் ஏறிக்கொண்டிருந்தது. லோடு முடியட்டும், சாதாரணக் காய்ச்சல்தான் என்று அண்ணாச்சி சொன்னார். லோடு முடிந்துதான் படகு போனது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டான், ஆனால் அதற்குப் பிறகு கோடாலி தூக்கவில்லை. மேட் அன்றைக்குக் கடற்கரையில் நின்று படகு மறைகிற வரை பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

இருபது பேர் வராவிட்டால் அண்ணாச்சிக்கு அந்த வருஷம் வெட்டக் காடு கிடையாது. காடு கிடைக்காவிட்டால் கப்பலேறி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் மேட்டையும் அவர் மனைவியையும் முக்கியமான ஆட்களையும் படா தின் விருந்துக்கு வீட்டுக்கே அழைத்தார். மற்ற கான்ட்ராக்டர்கள் அவர்களை முற்றத்தோடு நிறுத்திவிடுவார்கள். தண்ணீரைச் சிரட்டையில் கொடுத்த வீடும் உண்டு. "முன்னறையில பாய் விரிச்சு, நம்ம தட்டுல வச்சுப் போடுதேன், வாங்க" என்று அண்ணாச்சி நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்படி அவர்களை ஒருவரும் அழைத்ததில்லை. வருகிறோம் என்றார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் முதுகில் முத்து முத்தாக எழும்பியது.

"சொல்லிருவோம்" என்றார் மதினி, விருந்தன்று காலையில்.

"சொன்னா வர மாட்டான். இங்க வராதவன் கேம்ப்புக்கு மட்டும் வருவானா? நோய் வீட்டு ஆளு கூடப் போய்க் காட்டுல கிடந்து சாகவான்னு கேப்பான். அந்தப் பத்துபஸ்திக்காரன் லாரியோட நிக்கான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. பிள்ளை உள்ளறையில கிடக்கட்டும். கதவச் சாத்து. ஒரு மணி நேரம். தின்னுட்டுப் போயிருவாங்க."

மதினி எழுந்துபோய் இரண்டு வேப்பங்கொத்துகளை எடுத்து வந்து வாசல் நிலையின் இரு பக்கமும் செருகினார். தமிழ் வீட்டு வாசலில் வேப்பிலை இருந்தால் யாரும் படியேற மாட்டார்கள். விஷயம் தெரிந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் அன்று காலையிலேயே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எடுத்துரு. அவங்க போனதும் மறுபடி செருகிக்கிடலாம்."

"ஆத்தாவ வாசல்ல நிறுத்தி, கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வான்னு சொல்லவா?"

அண்ணாச்சி வேப்பிலையில் கை வைக்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். சற்று நேரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏல, குரோட்டன்ஸ் வெட்டிட்டு வா. தென்னங்குருத்து, செம்பருத்தி, என்னென்ன கிடைக்குமோ எல்லாம். வேப்பிலையத் தொடாத. அதச் சுத்தி வாசல் பூராவும் கட்டு."

கட்டினேன். குருத்தோலையைக் கிழித்துக் கிளி பின்னித் தொங்கவிட்டேன். வேப்பிலை அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அத்தனை பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் அதுவும் ஒரு தோரணமாகிவிட்டது. மதினி உள்ளேயிருந்து பார்த்தார். அவர் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது சாப்பாடு. கஞ்சி தவிர வேறெதற்கும் அடுப்பு கிடையாது. பஜாரிலிருந்து ஏதாவது வாங்கி வரலாம் என்று அண்ணாச்சி தொடங்கியபோதே மதினி மறித்தார்.

"எண்ணெய்ப் பலகாரம் என் நிலையத் தாண்டி வரப்படாது. யாரு சுட்டதா இருந்தாலும் சரி."

"டின்னுல முறுக்கு இருக்குல்ல? அது போன மாசம் சுட்டது."

"அதையும் காலையிலயே வெளிய வச்சுட்டேன்."

"ஊறுகா?"

"அதுல என்ன ஊத்தியிருக்கு, தண்ணியா?"

"சரி. சார்டின் டின்னு. அது சீமையில அடைச்சது. சமைக்கவே வேண்டாம், திறந்தாப் போதும்."

"மீனா?" என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சி டின்னைத் திருப்பி வைக்கச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார்.

பிறகு மதினி என்னிடம் சொன்னார். "தம்பி, நீ என்ன செய்தாலும் ஷெட்டுல வச்சுச் செய். இந்த வீட்டுத் தட்டு, தம்ளர் ஒண்ணையும் எடுக்காத. பாய எடுக்காத. இங்கயிருந்து ஒண்ணும் அவங்க வாய்க்குப் போகப்படாது. அந்தம்மா கைப்பிள்ளைக்காரி."

மேட்டின் மனைவிக்கு மழைக்காலத்தில் குழந்தை பிறந்திருந்தது. எனக்கு அது மறந்துபோயிருந்தது. அண்ணாச்சிக்கு மறந்ததா என்று எனக்குத் தெரியாது.

தட்டில்லாமல் எதில் வைப்பது? ஷெட்டில் ஒரு படாக் மரப் பலகை சாய்த்து வைத்திருந்தது. ஓர் ஆபீசர் மேஜைக்கென்று சொல்லி, இழைத்து முடித்து, பிறகு அவர் மாற்றலாகிப் போனதால் நின்றுபோனது. ஒரு ஆள் நீளம். ரத்தச் சிவப்பு. இரண்டு மரக்கட்டைகளை நிறுத்தி அதன்மேல் பலகையைப் போட்டேன். படாக்கில் ஈரம் பட்டால் சாயம் இறங்கும். சாலையோரம் எவனோ வைத்திருந்த வாழையில் இலை அறுத்து வந்து பலகை முழுக்க விரித்தேன்.

தண்ணீர் பிடிக்கவும் வீட்டுக் குழாய்க்குப் போகவில்லை, ரோட்டுக் குழாய்க்குப் போனேன். கத்தி என் கேம்ப் கத்தி. இரண்டு அன்னாசியைத் தோல் சீவி, கண்ணைத் தோண்டி, வட்டமாக நறுக்கினேன். பப்பாளி ஒன்று, காயும் பழமுமாக இருந்தது. அதை நீளவாக்கில் கீறி உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவினேன். கொய்யாவுக்கும் அதேதான். முற்றிய தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நடுவில் குவித்தேன். ஸ்டோர் மூட்டையிலிருந்து அவல் எடுத்து, இளநீர் தெளித்து ஊறவைத்து, வெல்லத்தைத் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து கைப்பிடி கைப்பிடியாக அடுக்கினேன். பொட்டுக்கடலையும் பேரீச்சம்பழமும் ஓரத்துக்கு. கேம்ப்புக்கென்று வாங்கிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பிஸ்கட்டை அடுக்கி அதன்மேல் டின்பாலைக் கம்பியாக ஊற்றினேன். நாட்டு வாழைப்பழத்தைச் சீப்போடு நிறுத்தினேன். குடிக்க இளநீர், ஆளுக்கொன்று. தட்டும் தம்ளரும் தேவையில்லை, காயோடு குடிக்கலாம்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் காடு வெட்டுகிறவனுக்கு இதெல்லாம் விருந்தா? காலையில் சர்ச்சுக்குப் போய் வந்து, ஆட்டுக்கறியும் சோறும் என்று நினைத்து வருகிறவர்கள். ஆடு கொல்லையில் கத்தியது.

அண்ணாச்சி சட்டை மாற்றிக்கொண்டு வந்து பலகையைச் சுற்றி நடந்தார். ஒரு பொட்டுக்கடலையை எடுத்து வாயில் போட்டார். "முன்னறைக்குத் தூக்கிட்டு வந்திருவோமா?" என்றார்.

"மதினி ஷெட்டுலயேன்னு சொன்னாங்க."

"முன்னறையில உக்கார வைக்கேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்டா. ஷெட்டுல போட்டா, முற்றத்துல போட்ட மத்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்குள் சாலையில் பேச்சுக்குரல் கேட்டது.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. மேட்டின் தலையில் எண்ணெய் பளபளத்தது. அவர் மனைவி சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில், குழந்தையை முதுகில் துணியால் கட்டியிருந்தார். அவர் கையில் ஒரு வெள்ளைத் துணிப்பொட்டலம், தூக்கிப் பிடித்திருந்த விதத்திலேயே அது தங்களுக்கானதல்ல என்று தெரிந்தது.

அவர்களோடு பேச்செல்லாம் இந்தியில்தான். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தோரணத்தைப் பார்த்தார்கள். ஓர் இளைஞன் ஓலைக்கிளியைத் தொட்டு ஆட்டினான்.

"படா தினுக்கு நம்ம சர்ச்சுலகூட இவ்வளவு கட்டல" என்றான். "கான்ட்ராக்டர் சாப் நமக்காகக் கட்டியிருக்கார் பாரு."

மேட்டும் அண்ணாந்து பார்த்தார். வேப்பங்கொத்தின் மேலும் அவர் கண் போய் வந்தது. முகம் இளகியது. அந்த மனிதரின் முகம் இளகி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கொல்லையிலிருந்து ஆடு கத்தியது.

"அரே, பக்ராவும் விருந்தாளியா?" என்றான் அதே இளைஞன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மற்றவர்களைவிட உரக்கச் சிரித்தார்.

"இன்னைக்கு விருந்து வேற மாதிரி. உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று இந்தியில் சொல்லி வழிவிட்டார்.

மேட்டின் மனைவி முன்னால் வந்தார். பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். துணியின் வழியே வெல்லமும் எண்ணெயும் சேர்ந்த மணம் வந்தது. அர்சா. அரிசி மாவையும் வெல்லப்பாகையும் பிசைந்து எண்ணெயில் சுடுவது. நம் அதிரசத்துக்கும் அதற்கும் அதிக வேறுபாடு கிடையாது. படா தினுக்கு அவர்கள் வீட்டில் அது கட்டாயம்.

மதினி உள்ளேயிருந்து வந்து நிலைக்கு நடுவே நின்றார். இரண்டு கையையும் விரித்து இரு பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டார்.

"இங்க வேண்டாம்மா" என்றார் தமிழில். "கீழ இறங்கு."

மேட்டின் மனைவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விரித்த கை எந்த மொழியிலும் விளங்கும். அவர் படியிலேயே நின்றார். பொட்டலத்தைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். பின்னால் சிரிப்பு அடங்கிவிட்டது.

"உங்க கையால வாங்க மாட்டேன்னு இல்லம்மா" என்றார் மதினி வேகமாக. "வீட்டுல ஆத்தா இறங்கியிருக்கா. பிள்ளைக்கு மேலெல்லாம் போட்டிருக்கு. உன் கைக்குழந்தைய இங்க நிறுத்தாத. எண்ணெய்ப் பண்டம் இப்ப உள்ள வரக் கூடாது, அவ்வளவுதான். சொல்லுங்களேன், அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

கடைசி வாக்கியம் அண்ணாச்சிக்கு. அவர் தொண்டையைச் செருமினார்.

"விரதம்" என்றார் இந்தியில். "இன்னைக்கு இவளுக்கு விரதம். அதான் உள்ள வேண்டாம்கிறா."

மதினி அத்தனை நேரம் பேசியதற்கு அந்தப் பதில் மிகவும் சின்னதாக இருந்தது. ஓர் ஆள் பக்கத்தில் நின்றவனிடம் தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தான். இன்னொருவன் கழற்றிவிட்ட செருப்பைத் தேடினான். மேட்டின் முகத்தில் போன சீசனில் கடற்கரையில் பார்த்த அந்த முகம் திரும்பி வந்திருந்தது. சிரட்டையில் தண்ணீர் கொடுத்த வீடுகளோடு இந்த வீட்டையும் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மனைவியின் தோளைத் தொட்டு, வா போகலாம் என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பினார்.

"பண்டாரி" என்றார். கேம்ப்பில் சமையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உனக்கு இவங்க பாஷை தெரியும், எங்க பாஷையும் தெரியும். அந்தம்மா என்ன சொன்னாங்க? நீ சொல்லு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான். அவர் சோறு, அவர் ஷெட், போக எனக்கு வேறு இடமும் அப்போது இல்லை. உள்ளறையில் பிள்ளை அழுதது. "அம்மா அரிக்குது, அம்மா அரிக்குது" என்று. அந்த அழுகையைக் கேட்டு, துணிக்குள்ளிருந்த குழந்தையும் அசைந்தது.

"மாதா வந்திருக்கு" என்றேன். அம்மையை இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். "உள்ள பிள்ளைக்கு. வாசல்ல இருக்குற வேப்பிலை அதுக்காக வச்சது. மத்ததெல்லாம் நான் கட்டினது. உங்க குழந்தைக்கு ஆகாதுன்னுதான் அந்தம்மா மறிக்கிறாங்க. எண்ணெய்ல சுட்டது மாதா போற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள போகக் கூடாது. உங்க வீட்டுப் பண்டம்னு இல்ல, அவங்க வீட்டு முறுக்கே அதோ வெளிய கிடக்கு."

மேட்டின் மனைவி நான் முடிக்கும் முன்பே படியிலிருந்து இறங்கிவிட்டார். ஓடவில்லை. பின்னோக்கியே நடந்து வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போய், எதிர்ப்புறப் பாலக்கட்டையில் உட்கார்ந்து குழந்தையை முன்னால் இழுத்து முந்தானையால் மூடிக்கொண்டார். பொட்டலம் மட்டும் அந்தப் படியிலேயே இருந்தது.

மேட் வெகுநேரம் வேப்பங்கொத்தையே பார்த்தார்.

"சாதாரணக் காய்ச்சல்" என்றார் அண்ணாச்சியிடம், மெதுவாக. கேள்வியா, பழைய பேச்சை நினைவுபடுத்தியதா என்று எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்தது. அவர் தோரணத்துக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மதினி நிலையைப் பிடித்த கையை எடுக்காமலே என்னிடம் பேசினார். "தம்பி, அந்தப் பொட்டலத்த அவங்க திருப்பி எடுத்துட்டுப் போகப்படாதுன்னு சொல்லு. ஷெட்டு உத்தரத்துல கட்டித் தொங்கவிடு. பிள்ளைக்கு மூணாம் தண்ணி ஊத்தினதும் நான் எடுத்துத் திங்கேன். அதிரசம்தானே, கெட்டுப்போகாது. அவங்க திங்குறதுக்கு உன் பலகையில இருக்கு. நம்ம வீட்டுப் பாத்திரம் ஒண்ணும் படலன்னும் சொல்லு."

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். மேட் கேட்டுக்கொண்டார். பிறகு நேராக ஷெட்டுக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும்.

பலகையைச் சுற்றி நின்றார்கள். முதலில் யாரும் கைவைக்கவில்லை. மேட் வாழை இலையின் ஓரத்தைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். விரலால் வருடினார்.

"இது நாம வெட்டினது" என்றார் ஆட்களிடம். "ஓடைப் பக்கத்து மரம். விழும்போது திரும்பி விழுந்துச்சே, அது."

அவர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் ஆமாம் என்றான். இன்னொருவன் அது வேறு மரம் என்று சண்டைக்கு வந்தான். அந்தச் சண்டையோடு கைகள் பலகைப் பக்கம் நீண்டன. பப்பாளியும் கொய்யாவும்தான் முதலில் தீர்ந்தன. அவலை ஒருவன் முகர்ந்து பார்த்து, "எங்க ஊர்ல இந்த அவலுக்குச் சூடான்னு பேரு" என்று சொல்லி இரண்டு உருண்டையை ஒன்றாகவே விழுங்கினான். டின்பால் பிஸ்கட்டுக்குப் போட்டி. இளைஞன் இளநீர் குடித்துக்கொண்டே கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்து, "பக்ராவுக்குத்தான் இன்னைக்கு நிஜமான படா தின்" என்றான். இந்தத் தடவை சிரித்தவர்கள் கொஞ்சம்தான், ஆனால் சிரித்தார்கள்.

மேட்டின் மனைவிக்கு ஓர் இளநீர் கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எங்கள் வேலிக்குள்ளிருந்து வந்த எதையும் அவர் தொட விரும்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை. பசித்திருப்பார். சாலையிலேயே அவருக்குப் பண்டிகை முடிந்துபோனது.

அண்ணாச்சி ஷெட்டின் தூணில் சாய்ந்து நின்றார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. எல்லோரும் கை கழுவியதும் மேட் அவரிடம் வந்தார். ஆள் கட்டும் பேச்சு அங்கேதான் நடந்தது.

"ஒரு வார்த்தை வேணும்" என்றார் மேட். "கேம்ப்புல யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் அன்னைக்கே படகு. லோடு பாதியில நின்னாலும் படகு."

"அனுப்புறேன்" என்றார் அண்ணாச்சி உடனே. "சத்தியமா அனுப்புறேன்."

மேட் தலையை ஆட்டினார். "நீங்க இல்ல. அவங்க சொல்லட்டும்."

வாசல் பக்கம் கையைக் காட்டினார். அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. தன் ஆட்கள் முன்னால் ஒரு கான்ட்ராக்டருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. அவர் திட்டுவார், துரத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "போய்க் கேளுல" என்றார் என்னிடம்.

நான் வாசலுக்குப் போய் மதினியிடம் கேட்டேன். அவர் அண்ணாச்சி நிற்கும் திசையைப் பார்க்கவில்லை.

"படகு எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"ஓட்டுறது யாரு?"

"மெஷின்காரன் இருக்கான். இல்லாட்டி நான் துடுப்புப் போடுவேன்."

"அப்ப போகும்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

மேட் அதைக் கேட்டுவிட்டு, சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மாதா போகட்டும். அப்புறம் ஆள் அனுப்புங்க" என்றார். மனைவியைச் சாலையில் முன்னால் நடக்கவிட்டு, நல்ல இடைவெளி விட்டு எல்லோரும் பின்னால் போனார்கள். எங்கள் ஷெட்டில் நின்ற சட்டையோடு குழந்தையின் பக்கத்தில் போக வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் நின்றுபோகவில்லை. மதினி கஞ்சியை ஷெட்டுக்கே கொடுத்தனுப்புவார். நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த கப்பல் எப்போது என்று விசாரித்தும் வைத்தேன். பத்துபஸ்திக்காரரின் லாரி ராஞ்சிக்காரர்கள் குடியிருப்புக்குப் போய்வந்ததாக பக்கத்து லம்பா லைன் பகுதியில் ஒருவன் சொன்னான். அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு ஆட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்டினார். செய்வதற்கு அவருக்கும் அப்போது வேறொன்றுமில்லை.

அம்மை இறங்கி, பிள்ளைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். அது முடிந்ததும் மதினி ஷெட்டுக்கு வந்தார். உத்தரத்தில் கம்பியில் தொங்கிய பொட்டலத்தை இறக்கச் சொன்னார். எறும்பு ஏறாமலிருக்கக் கம்பியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றியிருந்தேன். பொட்டலத்தின் மேல்மடிப்பு மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. அர்சா மரம்போல் இறுகியிருந்தது. நின்றபடியே ஒன்றைக் கடித்து, வெகுநேரம் வாயில் ஊறவைத்து மென்றார்.

"வெல்லம் நம்மளவிடத் தூக்கல்" என்றார். பிறகு, "நீ போய் நான் தின்னுட்டேன்னு சொல்லிட்டு வா" என்றார்.

போனேன். ஆட்டையும் அவர்களுக்கென்று ஓட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி, வேறு யார் மூலமாகவோ. மேட்டின் மனைவி குடிசை வாசலில் குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் உடம்பை நான் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். ஒரு முத்துகூட இல்லை. நான் பார்ப்பதை அவர் கவனித்தார். குழந்தையைத் திருப்பி முதுகையும் காட்டினார்.

பதினாறு பேர் வந்தார்கள். நான்கு பேர் பத்துபஸ்திக்காரரோடு போய்விட்டார்கள், அந்த இளைஞனும் அவர்களில் ஒருவன். பதினாறு பேரை வைத்து அண்ணாச்சி காட்டைப் பாதி முடித்தார். சீசன் நடுவில் ஒருவனுக்குக் குளிர் காய்ச்சல் கண்டபோது படகில் மரம் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கரையில்தான் நின்றார். மேட் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்காமல், பாதி ஏறியிருந்த மரத்தைத் தண்ணீரில் தள்ளச் சொன்னார். மெஷின் கிளம்பவில்லை. காய்ச்சல்காரனைப் படகில் கிடத்தி, நானும் இன்னொருவனும் துடுப்புப் போட்டோம்.